செய்தி எங்கே நின்றது? ஆள் பழக்கத்தை நம்பி ஓடும் நெட்வொர்க்கில் கோளாறு தேடும் வழி

டவர் கிடையாது, ரவுட்டர் கிடையாது. கையில் இருக்கும் போன்கள் மட்டும்தான், அவையும் எப்போதாவது புளூடூத் தூரத்தில் ஒன்றை ஒன்று பார்க்கின்றன. இங்கே ஏஓடிவி, ஓஎல்எஸ்ஆர் மாதிரியான வழக்கமான ரவுட்டிங் (செய்திக்கு வழி தேடும்) முறைகள் படுத்துவிடும். அனுப்புபவரிலிருந்து பெறுபவர் வரைக்கும் ஒரே நேரத்தில் முழுப் பாதை இருந்தால்தான் அவற்றுக்கு வேலை. பாதை இல்லாத இடத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: செய்தியை வாங்கி, கையில் வைத்திருந்து, தோதான ஆளைப் பார்க்கும்போது மாற்றிக் கொடுப்பது.

தோதான ஆள் யார்? மனிதர்கள் கண்டபடி நடமாடுவதில்லை. தினமும் அதே பஸ், அதே கேன்டீன், அதே நண்பர்கள். ஊருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுப்போம். அவர் ஊர் டீக்கடையில் கொடுப்பார். டீக்கடைக்காரர் அந்தத் தெருப் பையனிடம் கொடுப்பார். பான் ஹுயி, ஜான் குரோகிராஃப்ட், எய்கோ யோனெகி மூவரும் 2008-ல் வெளியிட்ட பப்பிள் ராப் முறை இதையே கணக்காக்கியது. பெறுபவரின் குழுவை எட்டும் வரை ஒட்டுமொத்தமாகப் பலரைப் பார்ப்பவரிடம் செய்தி ஏறும். குழுவுக்குள் வந்தபின் குழுவுக்குள் பலரைப் பார்ப்பவரிடம் ஏறும். அதற்கு முந்தைய வருடம் டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலிருந்து எலிசபெத் டேலியும் மாட்ஸ் ஹாரும் கொடுத்த சிம்பெட், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே பாலமாக நிற்பவர் யார், பெறுபவரோடு பொதுவான பழக்கம் உள்ளவர் யார் என்று இரண்டையும் எடை போடுகிறது. 2003-ல் வந்து 2012-ல் ஆர்எஃப்சி 6693 என்ற இணைய நெறிமுறை ஆவணமான பிராஃபெட், ‘இவரை மறுபடி பார்ப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு’ என்று ஒவ்வொரு அறிமுகத்துக்கும் ஒரு எண் வைத்துக்கொள்கிறது.

இவற்றில் ஒன்றை, இந்த மாதிரி நெட்வொர்க்கைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ‘ஒன்’ சிமுலேட்டரிலோ நிஜப் போன்களிலோ ஓட்டிவிட்டு, எண்கள் ஏன் இப்படி வருகின்றன என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்காக எழுதுகிறேன். பல வருடமாக மாணவர்களின் புராஜெக்ட்களோடு உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: கோளாறு ரவுட்டிங் கோடில் இருப்பது குறைவு. யார் யாரை எப்போது பார்த்தார்கள் என்ற சந்திப்புப் பதிவில்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் அளவுருக்களைத் திருகிக்கொண்டிருந்தால் வாரக்கணக்கில் நேரம் போகும்.

எதையும் தொடும் முன்: இரண்டு ஓட்டம்

உங்கள் முறையை ஒதுக்கி வையுங்கள். அதே சந்திப்புப் பதிவில், அதே செய்திகளை வைத்து இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் ஓட்டம் எபிடெமிக்: பார்ப்பவர் எல்லாருக்கும் நகல் கொடுக்கும் முறை, வாதத்தும் பெக்கரும் 2000-ல் சொன்னது. பஃபரை, அதாவது செய்தி வைத்திருக்கும் இடத்தை, மிகப் பெரிதாக வைத்து, வேகத்தையும் தாராளமாக விட்டு ஓட்டினால் அதுதான் உச்சவரம்பு. இரண்டாவது ஓட்டம் நேரடி ஒப்படைப்பு: அனுப்புபவரே பெறுபவரைப் பார்த்தால் மட்டும் கொடுப்பது. இது அடித்தளம்.

உங்கள் எண் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே இருக்கிறது என்பதுதான் பேச்சு. எபிடெமிக்கே நூற்றுக்கு நாற்பதுதான் சேர்க்கிறது என்றால் உங்கள் முறை முப்பத்தைந்து சேர்ப்பது அருமையான விஷயம். அதைத் தோல்வி என்று நினைத்துத் திருத்தக் கிளம்பாதீர்கள். எபிடெமிக்கும் நேரடி ஒப்படைப்பும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத் தந்தால், அந்தப் பதிவில் ஆள் மூலம் கைமாற்றுவதற்கே இடமில்லை என்று அர்த்தம். எந்த ரவுட்டிங்கும் அங்கே உதவாது.

அறிகுறி: ஒரு செய்திகூடச் சேரவில்லை

எபிடெமிக்கும் பூஜ்யம்தானே? அப்போது ரவுட்டிங்கைப் பார்க்க வேண்டாம். பதிவைச் சிமுலேட்டருக்குள் கொண்டுவந்த விதத்தில் பிசகு.

முதல் சந்தேகம் நோட் எண்கள், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண். ஒன் சிமுலேட்டர் 0-விலிருந்து எண்ணும். ஆட்கள் கையில் புளூடூத் கருவி கொடுத்துச் சந்திப்புகளை எடுத்த ஹேகிள் திட்டத்தின் பதிவுகள் 1-லிருந்து எண்ணும். ஒன்றைக் கழிக்காமல் கொடுத்தால் கடைசி நோட் வெளியே போய்விடும், மற்றவர்கள் எல்லாரும் ஒரு இடம் தள்ளி உட்காருவார்கள். பார்சிலோனாவில் நடந்த இன்ஃபோகாம் 2006 மாநாட்டுப் பதிவை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே ஐமோட் என்ற சிறு புளூடூத் கருவிகள் மொத்தம் 98: ஆட்கள் கையில் 78, ஓரிடத்தில் நிலையாக வைத்தவை 20. ஆனால் ஃபைலுக்குள் அந்த வழியாகப் போன யார் யாருடைய போன்களோ நிறைய இருக்கும். அந்த வெளிப் போன்கள் தங்களுக்குள் சந்தித்தது பதிவாகவே இல்லை. ஐமோட்கள் பார்த்தது மட்டும்தான் இருக்கிறது. அவற்றை வடிகட்டி எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் குழு கண்டுபிடிப்பும் கோணலாகும்.

இரண்டாவது சந்தேகம், இரட்டைக் கணக்கு. யார் யாரோடு இணைந்தார் என்று பதிவே சொல்லும்போது, சிமுலேட்டரும் தன் பங்குக்குத் தூரத்தை அளந்து இணைப்பை வெட்டக் கூடாது. செட்டிங்ஸ் ஃபைலில் ‘சிமுலேட் கனெக்‌ஷன்ஸ்’ வரியை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

மூன்றாவது, ஆயுள். ஒன்-னின் டீஃபால்ட் செட்டிங்ஸில் செய்தியின் டிடிஎல் (ஆயுள்) 300. அது நிமிடக் கணக்கு, அதாவது ஐந்து மணி நேரம். ஹெல்சின்கி வரைபடத்தில் 12 மணி நேரம் ஓடும் டீஃபால்ட் உதாரணத்துக்கு அது போதும். எம்ஐடியில் போன்களை வைத்து ஒன்பது மாதம் எடுத்த ரியாலிட்டி மைனிங் பதிவுக்கு அதையே வைத்தால், சாயங்காலம் பிறந்த செய்தி மறுநாள் வகுப்புக்கு முன்பே செத்துவிடும். செட்டிங்ஸ் ஃபைலில் சில எண்கள் விநாடியில், இது நிமிடத்தில். இந்த ஒரு குழப்பத்தில் ஒரு செமஸ்டரின் முதல் பாதி போனதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: சந்தேகப்படும்படி எல்லாமே சேர்கிறது

நூற்றுக்கு நூறு, அதுவும் ஒரே ஹாப்பில், அதாவது நடுவில் யாரும் இல்லாமல் நேராக. நகராத நோட்களை எல்லாம் ஒரே புள்ளியில் நிறுத்தி, மேலே சொன்ன வரியை ட்ரூ என்றே விட்டிருப்பீர்கள். எல்லாரும் எல்லாரோடும் எப்போதும் இணைந்திருக்கிறார்கள். வரியை மாற்றினால் சரியாகிவிடும்.

அறிகுறி: காலையில் எழுந்தால் யாரையும் தெரியவில்லை

பிராஃபெட்டில் இது அடிக்கடி வரும். பகலெல்லாம் நன்றாக ஓடும். மறுநாள் காலை முதல் சில மணி நேரம் செய்தி எதுவும் நகராது. நேற்று நாள் முழுக்கக் கூடவே இருந்தவர்கூட அந்நியராகத் தெரிவார்.

காரணம் மறதிக் கணக்கு. ஒவ்வொரு கால அலகுக்கும் நிகழ்தகவை காமா என்ற எண்ணால் பெருக்கித் தேய்க்கிறது பிராஃபெட். பழைய அளவில் காமா 0.98. கால அலகு 30 விநாடி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 120 தேய்மானம். 0.98-ஐ 120 முறை பெருக்கிப் பாருங்கள்: 0.09 சுற்றி வரும். ஒரே மணி நேரத்தில் நட்பில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 960 தேய்மானம். தசமப் புள்ளிக்குப் பிறகு எட்டு பூஜ்யம் போட்டு எழுத வேண்டிய எண் அது. கால்குலேட்டரில் அழுத்திப் பாருங்கள், நம்ப மாட்டீர்கள்.

ஆர்எஃப்சி 6693 காமாவுக்கு 0.999 சொல்கிறது. அதே 30 விநாடி அலகில் எட்டு மணி நேரம் கழித்து 0.38 மிச்சம் இருக்கும், பரவாயில்லை. ஆனால் என் பழக்கம் வேறு. ‘ஒரு நட்பு பாதியாகத் தேய எவ்வளவு நேரம் ஆக வேண்டும்’ என்று முதலில் முடிவு செய்வேன். கல்லூரிக்கு ஒரு நாள் என்று வைப்போம். 0.98 பாதியாக ஏறக்குறைய 34 தேய்மானம் தேவை. 86,400 விநாடியை 34-ஆல் வகுத்தால் அலகு சுமார் 2,500 விநாடி. செட்டிங்ஸில் அந்த எண்ணை வைத்தால் வேலை முடிந்தது. சனி ஞாயிறு தாண்டி ஞாபகம் இருக்க வேண்டுமென்றால் மூன்று நாள் என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

பப்பிள் ராப்பில் இதே நோய் வேறு முகத்தோடு வரும். அதில் ஒருவரின் புகழை, அதாவது எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பதை, ஆறு மணி நேரத் துண்டுகளில் அளப்பார்கள். கடைசித் துண்டை மட்டும் பார்க்கும் எஸ்-விண்டோவைப் போட்டால், காலை ஆறு மணிக்கு எல்லாருடைய புகழும் தூங்கிய நேரத்துப் புகழ்தான்: ரூம்மேட்டைத் தவிர யாரையும் பார்த்திருக்க மாட்டார்கள். கடந்த துண்டுகளையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுக்கும் சி-விண்டோவுக்கு மாறுங்கள்.

அறிகுறி: செய்தி சேர்கிறது, ஆனால் கைமாற்றம் கணக்கில்லாமல் ஏறுகிறது

ரிப்போர்ட்டில் ஓவர்ஹெட் ரேஷியோவைப் பாருங்கள். கைமாற்றங்களிலிருந்து சேர்ந்தவற்றைக் கழித்து, சேர்ந்தவற்றால் வகுத்த எண் அது. ஆள் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லும் முறை எபிடெமிக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறதென்றால், அது ஆளைப் பார்ப்பதே இல்லை. எல்லாரும் எல்லாரையும் நன்றாகத் தெரியும் என்று அடித்துச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

பிராஃபெட் என்றால், நிகழ்தகவு அட்டவணையை ஒரு நோட்டிலிருந்து அச்சிட்டுப் பாருங்கள். எங்கும் 0.9, 0.95, 0.98 என்று இருந்தால் சிக்கலின் பெயர் தெரிந்துவிட்டது. பிராஃபெட்டைத் திருத்தியவர்கள் இதை வண்டி நிறுத்துமிடச் சிக்கல் என்று அழைத்தார்கள். இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. சிக்னல் விட்டு விட்டு வருகிறது. இணைப்பு அறுந்து ஒட்டும் ஒவ்வொரு தடவையும் ‘புதிதாகச் சந்தித்தோம்’ என்று கணக்கு ஏறுகிறது. பழைய சூத்திரத்தில் ஒரு சந்திப்பு, மிச்சமிருக்கும் இடைவெளியில் 0.75 பங்கை நிரப்பும். முதல் தடவை 0.75. இரண்டாவது 0.9375. மூன்றாவது 0.984. ஹாஸ்டல் வராண்டாவின் இரு கோடியில் இருக்கும் இரண்டு பேர், ஒருவர் கதவைத் திறந்து மூடிய ஒரு நிமிடத்துக்குள் உயிர் நண்பர்கள் ஆகிவிடுகிறார்கள்.

மருந்து இரண்டு இடத்தில் போட வேண்டும்.

பதிவில்: சின்ன இடைவெளிகளைத் தைத்துவிடுங்கள். இன்ஃபோகாம் பதிவுகளில் ஐமோட் 120 விநாடிக்கு ஒரு முறைதான் தேடியது. ஒரு தேடலில் தவறிப்போனாலே பிரிந்துவிட்டதாகப் பதிவாகும். ஆகவே தேடல் இடைவெளியின் இரண்டு மடங்குக்குள் திரும்பி வந்தவரை, பிரியவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரியாலிட்டி மைனிங்கில் நோக்கியா 6600 போன்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தேடின. அங்கே தைக்கும் அளவு பத்து நிமிடம்.

ரவுட்டிங்கில்: ஆர்எஃப்சி 6693-ல் உள்ள இரண்டாம் பதிப்புச் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். வழக்கமாக இருவர் எவ்வளவு இடைவெளியில் சந்திப்பார்கள் என்று அதில் ஒரு எண் கொடுக்க வேண்டும். அதைவிடச் சீக்கிரம் வந்த சந்திப்புக்கு விகிதப்படிதான் மதிப்பு. உச்ச மதிப்பு 0.7, வழக்கமான இடைவெளி அரை மணி என்று வையுங்கள். பத்து விநாடியில் திரும்பி வந்தால் 0.7-ஐப் பத்தால் பெருக்கி 1,800-ஆல் வகுப்பது: 0.004-க்கும் குறைவு. கதவை எத்தனை முறை மூடித் திறந்தாலும் இனி ஒன்றும் ஆகாது.

இன்னொரு ஓட்டையும் இதே அறிகுறியைத் தரும். ‘என் நண்பனின் நண்பன்’ கணக்கைப் பழைய பதிப்பு ஒவ்வொரு சந்திப்பிலும் கூட்டிக்கொண்டே போகும். இரண்டாம் பதிப்பில், இருப்பதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பெரியதை வைத்துக்கொள்வதோடு சரி. நீங்கள் வெளியிலிருந்து எடுத்த கோடு எந்தப் பதிப்பு என்று அந்த ஒரு வரியைத் திறந்து பாருங்கள்.

அறிகுறி: பிரபலமானவரிடம் போய் அங்கேயே தங்கிவிடுகிறது

பஃபரில் இடமிருக்கிறது, டிராப் (இடமில்லாமல் செய்தி கைவிடப்படுவது) இல்லை, ஆனால் செய்தி இறங்கி வரவில்லை. பப்பிள் ராப்பில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். ஏறுவதற்குப் புகழ் போதும். இறங்குவதற்குப் பெறுபவரின் குழு தெரிய வேண்டும். ஆகவே குழுக்களைப் பாருங்கள்.

குழு எண்ணையும் அதில் எத்தனை பேர் என்பதையும் இரண்டு பத்தியாக அச்சிடுங்கள். மூன்றில் ஒன்று தெரியும். ஒரே பெரிய குழுவில் எல்லாரும் இருப்பார்கள்: எல்லை தளர்ந்துவிட்டது. அல்லது எல்லாரும் தனித்தனியாக இருப்பார்கள்: எல்லை இறுகிவிட்டது. அல்லது குழுக்கள் சரி, ஆனால் உங்கள் செய்திகள் போக வேண்டிய பலர் எந்தக் குழுவிலும் இல்லை.

எல்லை என்பது, எவ்வளவு நேரம் சேர்ந்திருந்தால் நெருக்கம் என்று கொள்வது என்ற அளவு. இதைத் தோராயமாக அடித்துப் பார்த்துத் தேடுகிறார்கள். வேண்டாம். ஹுயி குழுவினர் ரியாலிட்டி மைனிங்குக்கு 388,800 விநாடி என்று வைத்தார்கள். எங்கிருந்து வந்தது இந்த விநோதமான எண்? வாரத்துக்கு மூன்று வகுப்பு, மாதத்துக்கு நான்கு வாரம், ஒன்பது மாதம். 108 வகுப்பு, வகுப்புக்கு ஒரு மணி நேரம். 108-ஐ 3,600-ஆல் பெருக்கினால் அந்த எண். ஒன்பது மாதத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்து உட்கார்ந்த அளவாவது சந்தித்திருந்தால் அவர்கள் ஒரு குழுவாக இருக்கலாம் என்ற யோசனை அது. எனக்கு இந்தக் கட்டுரைகளிலேயே மிகவும் பிடித்த இடம் இது. எண்ணுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. உங்கள் பதிவுக்கும் இப்படியே கேளுங்கள்: இவர்கள் எங்கே சந்திக்கிறார்கள், எத்தனை நாள், எவ்வளவு நேரம்? மூன்று நாள் மாநாட்டுக்கு 388,800 வைத்தால் ஒரு குழுவும் உருவாகாது. மாநாடே அவ்வளவு நேரம் நடக்கவில்லை.

பதிவின் தன்மையும் முக்கியம். ரியாலிட்டி மைனிங்கில் மீடியா லேபில் இருந்தவர்கள் ஒரு பக்கம், ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியின் புது மாணவர்கள் இன்னொரு பக்கம் என்று பிரிவு தெளிவாக இருக்கிறது. மாநாட்டில் எல்லாரும் ஒரே கூடத்தில், ஒரே காபி மேசையில். அங்கே குழு பலவீனமாகத்தான் தெரியும். அதற்காக உங்கள் கோடைச் சந்தேகிக்க வேண்டாம்.

குழு சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால், ஏறிய இடம் தவறு. பலரைப் பார்ப்பவரும் பாலமாக இருப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிமாறுபவர் ஐந்நூறு பேரைப் பார்ப்பார், எல்லாரும் ஹாஸ்டல்காரர்கள். அதிகம் பேசாத ஒரு மாணவி, காலையில் டவுன் பஸ்ஸில் வந்து பகலில் ஹாஸ்டல் தோழிகளோடு இருந்துவிட்டுப் போகிறார். வெளியூர்க் கூட்டத்துக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவே பாதை அவர் மட்டும்தான். வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்ப்பவர்கள் வழியாக அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் பலவீனமான உறவுகளின் பலத்தைப் பற்றி எழுதினாரே, அதே விஷயம்தான். சந்திக்கும் ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் புகழாக வைத்திருந்தால், சிம்பெட் செய்வதுபோல, தன்னைச் சுற்றியுள்ளவர்களுக்குள் எத்தனை ஜோடிகள் தன் வழியாக மட்டுமே இணைகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு மொத்த நெட்வொர்க்கின் படமும் தேவையில்லை. சந்தித்தவர்கள் தங்கள் அறிமுகப் பட்டியலைச் சொன்னால் போதும்.

அறிகுறி: இரண்டு மூன்று போன்கள் நிரம்பி வழிகின்றன

டிராப் எண்ணிக்கையை நோட் வாரியாகப் பிரியுங்கள். எல்லாரிடமும் பரவலாக இருந்தால் பஃபர் சிறியது. இரண்டு மூன்று பேரிடம் மட்டும் குவிந்திருந்தால், முறையே அவர்களைப் பிழிகிறது.

டீஃபால்ட் எண்களையே எடுங்கள். பஃபர் 5 எம்பி. செய்தி அரை எம்பியிலிருந்து ஒரு எம்பி. ஐந்திலிருந்து பத்துச் செய்தியில் பை நிறைந்தது. எல்லாரும் மேலேதான் ஏற்றுகிறார்கள்; உச்சியில் இருப்பவரால் பத்தைத்தான் வைத்துக்கொள்ள முடியும். பதினொன்றாவது வரும்போது பழையதில் ஒன்று போகும். அந்தப் பழையது பல கை மாறி வந்ததாகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியவை: கொடுக்கும் முன் எதிராளியின் காலியிடத்தைக் கேளுங்கள், புகழ் கூடுதலாக இருந்தாலும் கை நிறைந்திருப்பவரிடம் தராதீர்கள். செய்தியின் நகல் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். 2005-ல் வந்த ஸ்பிரே அண்ட் வெயிட் முறைபோல எட்டோ பத்தோ நகலை முதலிலேயே பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்தால், எல்லாம் ஒரே உச்சியில் குவியாது. அப்புறம், செய்தி பெறுபவரின் குழுவுக்குள் போய்விட்டால் வெளியே கொண்டுவந்தவர் தன் நகலை அழித்துவிட வேண்டும். பப்பிள் ராப்பின் பி வகை இதைச் செய்கிறது, ஏ வகை செய்யாது. எதை ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள்.

நிஜப் போன்களில் இது பஃபரோடு நிற்காது. எல்லார் செய்தியையும் சுமப்பவரின் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அவர் ஆப்பை நீக்கிவிட்டால் நெட்வொர்க் தன் பாலத்தை இழக்கும். அவரிடம் உதவி கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை முறையிலேயே எழுதுங்கள்: பேட்டரி பாதிக்குக் கீழே போனால் புகழைக் குறைத்துச் சொல்லட்டும்.

அறிகுறி: இருப்பது பத்துப் பேர், அறிமுகம் முந்நூறு

சிமுலேஷனில் அழகாக ஓடியது, போனில் போட்டதும் யாருக்கும் யாரும் நண்பராகவே ஆகவில்லை. ஒரு முறை சில மாணவர்களோடு இதே நிலையில் மாட்டி, குழு கண்டுபிடிப்பில்தான் தப்பு என்று நம்பி ஒரு வாரம் அதையே மாற்றி மாற்றி எழுதினோம். கடைசியில் ஒரு மேசையின் மேல் இரண்டு போன்களை வைத்து, லாகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். 9:02-க்கு ஒரு முகவரி வந்தது. 9:16-க்கு அது காணாமல் போய் வேறொன்று வந்தது. 9:31-க்கு இன்னொன்று. போன் அசையவே இல்லை. மூன்று முகவரிக்கும் சிக்னல் வலு மாறவில்லை. லாகில் சிக்னல் வலுவைக் காட்டிய அந்தக் கடைசிப் பத்தியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, மூவரும் ஒருவரே.

பின்தொடர முடியாதபடி காக்க, குறைந்த ஆற்றல் புளூடூத்தில் போன் தன் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும். வழக்கமான இடைவெளி 15 நிமிடம். பத்துப் பேர், எட்டு மணி நேரம், மணிக்கு நான்கு முகவரி என்றால் 320 ‘அறிமுகம்’. ஒவ்வொன்றும் கால் மணி நேரம் பழகிவிட்டு என்றென்றைக்கும் மறைந்துவிடுகிறது. புளூடூத் முகவரியை ஆளின் அடையாளமாக எடுக்காதீர்கள். இணைந்த பிறகு ஆப் தானே உருவாக்கிய ஒரு ஐடியைப் பரிமாறிக்கொள்ளட்டும். சந்திப்புப் பதிவில் அது மட்டும் ஏறட்டும்.

மாறாக, அறிமுகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் போனின் இயங்குதளம் தடுக்கிறது. ஆண்ட்ராய்டு 8.1 முதல், வடிகட்டி இல்லாத ஸ்கேன் திரை அணைந்ததும் நின்றுவிடும். உங்கள் ஆப்பின் சேவை ஐடியை வடிகட்டியாகக் கொடுங்கள். ஸ்கேனை நிறுத்தி நிறுத்தித் தொடங்குகிறீர்களா? 30 விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்கினால் ஆண்ட்ராய்டு 7-லிருந்து பதில் வராது, பிழைச் செய்தியும் தெளிவாக வராது. ஐபோனில் ஆப் பின்னணிக்குப் போனதும், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற அதன் புளூடூத் அறிவிப்பு, தேடும் ஐடியைக் குறிப்பிட்டுக் கேட்கும் இன்னொரு ஆப்பிள் சாதனத்துக்கு மட்டுமே தெரியும் இடத்துக்குப் போய்விடும். இரண்டு வகைப் போன்களும் கலந்த குழுவில் இதை மறந்தால், ஐபோன்காரர்கள் தனித் தீவாகத் தெரிவார்கள். அதை நிஜமான சமூகக் குழு என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள்.

அறிகுறி: நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை

பழைய புளூடூத்தில் தேடிக்கொண்டிருக்கும் கருவி மற்றவர் தேடலுக்குப் பதில் சொல்லாது. இருவரும் ஒரே நேரத்தில் தேடினால் இருவருமே தவறவிடுவார்கள். தேடும் நேரத்தைச் சில விநாடிகள் முன்பின்னாகக் கலைத்து வையுங்கள். ஏற்கெனவே எடுத்த பதிவென்றால், ஒருவர் பார்த்திருந்தாலே இருவரும் சந்தித்ததாகக் கொள்ளுங்கள்.

அறிகுறி: வந்து சேர்ந்த நொடியே செத்துப்போகிறது

கடிகாரம். டவர் இல்லாத இடத்தில் போனின் நேரத்தை யாரும் சரிசெய்வதில்லை. ஒருவர் போன் முன்னே, ஒருவர் போன் பின்னே. பிறந்த நேரத்தையும் டிடிஎல்லையும் கூட்டிப் பார்க்கிற கோடு, முன்னே ஓடும் போனில் நல்ல செய்தியைக் கொல்லும். 2022-ல் வந்த ஆர்எஃப்சி 9171 இதற்கு நேர்மையான வழி தருகிறது: நம்பகமான கடிகாரம் இல்லாத நோட், பிறந்த நேரத்தைப் பூஜ்யமாக வைத்து, செய்தியின் வயதை அதோடு அனுப்பலாம். கையில் வைத்திருந்த நேரத்தை ஒவ்வொருவரும் வயதில் கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்குக் கடிகாரம் சரியாக இருக்க வேண்டியதில்லை, ஓடினால் போதும்.

அறிகுறி: முதல் வாரம் எல்லாரும் இருந்தார்கள், இரண்டாம் வாரம் பாதிப்பேர் அணைத்துவிட்டார்கள்

லாகில் இது நெட்வொர்க் உடைந்ததுபோலத்தான் தெரியும். ஆட்களிடம் போய்க் கேட்டால்தான் காரணம் தெரியும். பேட்டரி என்று சிலர் சொல்வார்கள். சற்று நேரம் பேசினால் வேறொன்று வெளியே வரும்: நான் யாரோடு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று இந்த ஆப்புக்குத் தெரியுமா? யாரெல்லாம் அதைப் பார்ப்பார்கள்?

நியாயமான பயம். சிம்பெட் மாதிரி முறையில் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் உங்கள் அறிமுகப் பட்டியல் போகிறது. ஒரு பெண் மாலை நேரத்தில் யாரைப் பார்க்கிறார் என்பது மூன்றாவது ஆள் போனில் உட்கார்ந்திருக்கும். செய்தியின் உள்ளடக்கத்தைப் பூட்டினாலும் இது பூட்டப்படாது.

எனவே சோதனைக்கு ஆள் சேர்க்கும் முன்பே செய்யுங்கள்: புகழ் எண்ணையும் குழு எண்ணையும் மட்டும் பரிமாறினால் போதுமென்றால் பட்டியலை அனுப்பாதீர்கள், பப்பிள் ராப்பில் கைமாற்ற முடிவை எடுக்க அவ்வளவே தேவை. ஆனால் ஒவ்வொரு போனும் தானே குழுவைத் தேடும் அதன் பரவல் வகைக் குழு கண்டுபிடிப்பு தன் பங்குக்குப் பட்டியல் கேட்கும். சிறிய சோதனையென்றால் குழுவை ஆட்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும், ஹாஸ்டல், பஸ் ரூட், வகுப்பு என்று. ஆய்வுக்கு எடுக்கும் லாகில் ஐடிகளை மாற்றி, நேரத்தைப் பத்து நிமிடத் துண்டாக்கி வையுங்கள். ஆப்பின் முதல் திரையில் ‘இன்று பதிவானவை’ என்று ஒரு பட்டியலும் பக்கத்தில் அழிக்கும் பொத்தானும் வையுங்கள். யாராவது அழித்தால் அந்த இடத்தில் ஒரு இடைவெளிக் குறி விழட்டும். அப்போது ‘சந்திக்கவில்லை’ என்பதும் ‘அழித்தார்’ என்பதும் உங்கள் கணக்கில் கலக்காது.